பீச் மரமும் மூன்று ஆறுகளும்

ஐரோப்பியக் காடுகளில் பீச் மரத்துக்கு நெடுங்காலம் கிடைத்த மரியாதை பெரும்பாலும் அடுப்புக்குள்தான். பழம் தருகிற பீச் வேறு, இது ஓக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். வழவழப்பான சாம்பல் நிறப் பட்டை, 30 மீட்டருக்கு மேல் நிமிர்ந்த தண்டு, இலையுதிர் காலத்தில் செம்பு நிறத்துக்கு மாறும் இலைகள் என்று பார்க்க அழகான மரம்தான். தச்சர்களுக்கு மட்டும் அதோடு ஒத்துப்போகவில்லை. காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். வெளியே மழையில் கிடந்தால் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். வீட்டு உத்தரம், கப்பல், மது பீப்பாய் எல்லாவற்றுக்கும் ஓக்கைத் தேடிப் போனார்கள். பீச்சை எரித்தார்கள்.

எரித்ததிலும் கொஞ்சம் விவரம் இருந்தது. நின்று எரிகிற, நல்ல சூடு தருகிற விறகு அது. அதன் சாம்பலில் பொட்டாஷ் அதிகம். மத்திய கால ஐரோப்பாவின் காட்டுக் கண்ணாடிச் சூளைகள் அந்தச் சாம்பலை நம்பித்தான் நடந்தன. 12ஆம் நூற்றாண்டில் கைவினைகள் பற்றி எழுதிய தியோஃபிலஸ் என்ற துறவி, கண்ணாடிக்கு பீச் சாம்பலைத்தான் எடுக்கச் சொல்கிறார். 1832இல் கார்ல் வான் ரைகன்பாக் என்ற வேதியியலாளர், மொராவியாவில் பீச் கரி சுடும்போது கிடைத்த தாரிலிருந்து கிரியோசோட்டைப் பிரித்தெடுத்தார். பிறகு அது இருமல் மருந்தாகவும் புழங்கியது. ஆனாலும் இவை எல்லாமே மரத்தை மரமாக விட்டுவைக்காத உபயோகங்கள்.

பீச்சை வேறு கண்ணோடு பார்த்தவர், ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்ற ஊரில் 1796இல் பிறந்த மிகாயேல் தோனெட். மரத்தைச் செதுக்கி வளைவு உண்டாக்குவதற்குப் பதிலாக, மரத்தையே வளைத்தால் என்ன என்பதுதான் அவர் கேள்வி. மெல்லிய தகடுகளைப் பசையில் ஒட்டி வளைத்துப் பார்த்தார். ஆனால் கடல் பயணத்திலும் ஈரக் காற்றிலும் பசை விட்டுவிடும். முழு மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தாலோ, வெளிவளைவில் நார் இழுபட்டுப் பிளந்தது. மரத்தின் வெளிப்பக்கம் ஓர் எஃகுப் பட்டையை இறுக்கிக் கட்டி, மரமும் பட்டையும் சேர்ந்தே வளையும்படி செய்தார். நீளமுடியாத எஃகு வெளிப்புற நாரையும் நீள விடவில்லை. உள்பக்கம் மட்டும் நெரிந்து சுருங்கியது. வெந்த மரம் நெரிசலைத் தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. பீச்சின் நெருக்கமான, சீரான நார் இந்த வேலைக்கென்றே அமைந்தது போல இருந்தது.

1850களில் அவருடைய நிறுவனம் மொராவியாவின் கோரிச்சானில் தொழிற்சாலை போட்டது. அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், சுற்றிலும் வாங்க ஆள் இல்லாத பீச் காடு. 1859இல் 14ஆம் எண் நாற்காலி வந்தது. ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் போகும். போய்ச் சேர்ந்த ஊரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1930க்குள் சுமார் ஐந்து கோடி நாற்காலிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். வியன்னாவின் காப்பிக் கடைகளில் தொடங்கி, மும்பையின் இரானி கஃபேக்கள் வரை அந்தச் சாய்ந்த முதுகும் அதன் போலிகளும் உட்கார்ந்துவிட்டன. விறகுக்கு வந்த இந்த மவுசு, பீச்சைக் காட்டுக் கணக்கில் ஒரு வரவாக்கியது.

அந்தக் கணக்கு அப்போதே அங்கே பழையதுதான். சாக்சனி நாட்டின் ஃபிரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்கள் உலைக்கு மரம் கிடைக்காமல் திண்டாடியபோது, சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்பதுதான் அதன் சாரம். பீச் இந்த விதிக்கு நன்றாக இணங்கிப்போகும். அதன் கன்றுகள் நிழலில் பொறுமையாகக் காத்துக்கிடக்கும். பெரிய மரங்களில் சிலவற்றை மட்டும் எடுத்தால், விழுகிற வெளிச்சத்தில் அடியில் நிற்கும் கன்றுகள் எழும். நாற்று நட வேண்டாம், பாசனம் வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம். ஆனால் அவசரம் மட்டும் ஆகாது. நல்ல பலகை மரமாக ஒரு பீச் முதிர 100 முதல் 140 ஆண்டு ஆகும். அதற்குள் நாலைந்து முறை காட்டைக் கலைத்துவிட்டு, வளைந்ததும் மெலிந்ததுமான மரங்களை எடுக்கிறார்கள். முதிர்ந்த மரத்திலும் நேரான அடித்தண்டு பலகைக்குப் போகும். கிளைப்பக்கமும் கோணலும் மிஞ்சும். நம் கதைக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

இந்த மிச்சம் போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று ஆஸ்திரியாவின் லென்சிங். ஆட்டர்சே ஏரிக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் கோடைகளைக் கழித்த ஏரி அது. 1902 வாக்கில் அவர் வரைந்த பீச் காட்டு ஓவியங்கள் அந்தக் கரையில் பிறந்தவை. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் ஆகர் என்ற ஆறாகி லென்சிங் வழியாக ஓடி, டிரவுன் ஆற்றில் கலந்து டான்யூபுக்குப் போகிறது. ஆற்றங்கரையில் முதலில் காகித ஆலை இருந்தது. 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கியபின், பருத்தி இறக்குமதியைத் தவிர்க்க மரத்திலிருந்து இழை எடுக்கும் ஆலை அங்கே எழுந்தது.

மரத்திலிருந்து இழை எடுக்கும் விஸ்கோஸ் முறைக்கு 1892இலேயே இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அதன் நடுவில் கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவம் வருகிறது. அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு நரம்பு தளரும், புத்தி பேதலிக்கும், இதயம் கெடும். 1944 நவம்பரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து 500க்கும் மேற்பட்ட பெண் கைதிகளைக் கொண்டுவந்து, மௌத்தவுசன் முகாமின் கிளையொன்றில் அடைத்து, இந்த ஆலையில் வேலை வாங்கினார்கள். செயற்கைப் பட்டின் கொடிய வரலாற்றைப் பற்றி பால் பிளாங்க் என்ற மருத்துவர் 2016இல் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள், ‘மரத்திலிருந்து வந்த இயற்கை இழை’ என்ற விளம்பரத்தை அவ்வளவு எளிதில் ரசிக்க மாட்டார்கள்.

இன்றைய ஆலைக்குள் போவோம். பட்டை உரித்த பீச் கட்டைகள் சில்லுகளாக நறுக்கப்பட்டு, மக்னீசியம் பைசல்ஃபைட் கரைசலில் அழுத்தத்தோடு வேகின்றன. மரத்தில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று நாரான செல்லுலோஸ், இன்னொன்று அதை ஒட்டவைக்கும் லிக்னின், மூன்றாவது இடையில் நிற்கும் ஹெமிசெல்லுலோஸ். துணிக்கு வேண்டியது முதலாவது மட்டும். ஆகவே மரத்தில் பாதிக்கு மேல் கழிவு என்று ஒதுக்கிவிடலாம். பல கூழ் ஆலைகள் அப்படித்தான் ஒதுக்கி ஆற்றில் விட்டன.

பீச்சின் ஹெமிசெல்லுலோஸில் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலி அதிகம். வேகும்போது அது உடைந்து சைலோஸ் ஆகிறது. அதிலிருந்துதான் சைலிட்டால் என்ற இனிப்பு வருகிறது. பல் சொத்தை வராத சூயிங்கம் என்று விற்கிறார்களே, அதற்குள் இருப்பது. சைலான் மீது ஒட்டியிருந்த அசிட்டைல் குழுக்கள் பிரிந்து அசிட்டிக் அமிலமாகின்றன. வடித்துச் சுத்தப்படுத்தினால் ஊறுகாய்க்கு ஊற்றும் தரத்துக்கு வரும். இன்னொரு பகுதி ஃபர்ஃபூரால் ஆகிறது. மசகு எண்ணெய் சுத்திகரிக்கவும், வார்ப்படத் தொழிலில் மணலைப் பிணைக்கும் பிசினுக்கும் அது போகும். லிக்னின் கலந்த கரிய சாறு கொதிகலனில் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. எரிந்தபின் மிஞ்சும் மக்னீசியத்தையும் கந்தகத்தையும் பிடித்து அடுத்த வேக்காட்டுக்கு அனுப்புகிறார்கள். வந்து சேரும் மரத்தில் சுமார் 40 சதவீதம் கூழாகவும், பத்து சதவீதம் சொச்சம் இந்தப் பக்கப் பொருள்களாகவும், மீதி எரிசக்தியாகவும் ஆகிறது என்பது நிறுவனத்தின் கணக்கு. கூழை வெளுப்பதில் குளோரின் கிடையாது. இந்த ஆலையில் எனக்கு வியப்பாகத் தோன்றுவது துணியைவிட இந்தப் பக்கத்து வியாபாரம்தான். ஒரே கட்டை சட்டையாகவும் சூயிங்கமாகவும் பிரிந்து போகிறது.

வெள்ளைக் கூழ் இனி இழையாக வேண்டும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, பிழிந்து, துருவலாக்கி, சில மணி நேரம் முதிரவிடுகிறார்கள். பிறகு கார்பன் டைசல்ஃபைடோடு சேர்த்தால் துருவல் ஆரஞ்சு நிறமாகிறது. நீர்த்த சோடாவில் அது கரைந்து கெட்டியான பாகாகும். அந்தப் பாகை, தங்கமும் பிளாட்டினமும் கலந்த உலோகத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இட்ட வில்லைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பிழிகிறார்கள். இடியாப்பம் பிழிவது போலத்தான், துளை மட்டும் தலைமுடியைவிட மெல்லியது. அமிலம் பட்டதும் செல்லுலோஸ் மீண்டும் திடமாகி இழையாகிறது. பிரிந்து வெளியேறும் கார்பன் டைசல்ஃபைடைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓர் ஆலை நல்ல ஆலையா என்பது அங்கேதான் தெரிந்துவிடும்.

சாதாரண விஸ்கோஸுக்கு ஒரு பெரிய குறை, நனைந்தால் பலம் பாதியாகிவிடும். துவைத்துப் பிழிந்தால் தொளதொளத்துப் போகும். பருத்தியோ நனைந்தால் இன்னும் பலப்படும். இந்தக் குறையைத் தீர்க்க முதலில் ஜப்பானியர்கள் 1950களில் வழி கண்டார்கள். செல்லுலோஸ் சங்கிலியை அதிகம் உடையவிடாமல் காப்பது, அமிலத் தொட்டியின் கலவையை மாற்றி, இழை மெதுவாக இறுகும்போதே நன்றாக இழுத்து நீட்டுவது என்று முறை மாறியது. 1960களில் லென்சிங் பீச் கூழை வைத்து இதே பாதையில் இறங்கியது. அந்த இழைதான் மோடல். நனைந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாது, மேல்பரப்பு வழவழப்பு, பலமுறை துவைத்தாலும் மென்மை போகாது. உள்ளாடைக்காரர்கள் விடுவார்களா?

இனி ஆகர் ஆற்றின் கதை. மேலே சொன்ன மீட்பு ஏற்பாடுகள் ஆலையோடு பிறந்தவை அல்ல. 1980கள் வரை ஆகர், ஆஸ்திரியாவின் மிக மோசமாக மாசுபட்ட ஆறுகளில் ஒன்று. கூழின் கரிய சாறும் இழை ஆலையின் கழிவும் அதில்தான் இறங்கின. ஏரியிலிருந்து கண்ணாடி மாதிரி வெளிவரும் நீர், சில கிலோமீட்டர் தாண்டியதும் நுரைத்துக் கிடந்தது. பொதுமக்கள் எதிர்ப்பும் சட்டமும் நெருக்கியபின்தான் உயிரியல் சுத்திகரிப்பு நிலையமும், சாற்றை ஆவியாக்கிப் பொருளெடுக்கும் ஏற்பாடுகளும் முழுமையாயின. அசிட்டிக் அமிலம் விற்பனைச் சரக்கானதற்கு ஒரு காரணம், அதை ஆற்றில் விட முடியாமல் போனதுதான்.

இதே வேதியியல் நம் பக்கமும் வந்தது. மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானிக் கரையில் சிறுமுகையில் 1950களில் உருவான சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை பீச்சுக்குப் பதிலாக யூகலிப்டஸையும் வாட்டிலையும் வேகவைத்தது. நீலகிரியின் சோலைப் புல்வெளிகளில் வனத்துறை நட்டு வளர்த்த மரங்கள் அவை. புல்வெளி பஞ்சு போல மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடும் இடம், அதில்தான் மரப் பயிர் வைத்தார்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கிற மரம், சீக்கிரம் வளர்கிற மரம் என்று அன்றைக்கு அதையும் பெருமையாகத்தான் சொன்னார்கள். ஆலையின் கழிவு பவானியில் இறங்கி, கீழே பவானிசாகர் அணை வரை போனது. மீன் செத்து மிதந்தது, நீரின் நிறம் மாறியது. 1990களில் போராட்டமும் வழக்கும் முற்றின, கடன் சுமையும் சேர்ந்தது. ஆலை மூடிக்கிடந்தது, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகரில் போட்ட காசு பவானியில் போடப்படவில்லை என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான். அங்கே காடும் தானாக எழுந்த காடு, இங்கே புல்வெளியை அழித்து வைத்த பயிர்.

பீச்சின் பயணம் நம் ஊருக்கு வருவது வேறு வழியில். 38, 39 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, பேல் கட்டி, கப்பலேறி வந்து இறங்கும் மோடல், கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூல் மில்களுக்குப் போகிறது. பருத்தி நீளத்துக்கே வெட்டியிருப்பதால் பருத்தி மெஷின்களே போதும். தூசும் கொட்டைத் துணுக்கும் இல்லாத பஞ்சு என்பதால் பஞ்சைப் பிரித்துச் சுத்தப்படுத்தும் புளோரூமில் அதிகம் அடிபடத் தேவையில்லை. தனியாகவோ, பருத்தியோடு பாதிக்குப் பாதி கலந்தோ நூல் கோனாகித் திருப்பூருக்கு வரும். நிட்டிங்கில் ரப்பர் போல இழுபடும் ஸ்பான்டெக்ஸும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். அடுத்தது சாயப்பட்டறை.

செல்லுலோஸ் என்பதால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமே மோடலுக்கும். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும், அதுவும் நிறைய. பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட். வேடிக்கை என்னவென்றால், இழை ஆலையின் அமிலத் தொட்டியில் சோடாவும் கந்தக அமிலமும் சந்திக்கும்போது பக்கப் பொருளாகக் குவிவதும் அதே உப்புதான். அங்கே அதைப் படிகமாக்கி விற்கிறார்கள், இங்கே விலை கொடுத்து வாங்கித் தண்ணீரில் கரைக்கிறோம். அந்த உப்புநீர் பல ஆண்டுகள் நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுக் குட்டையாக மாறியது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. பிறகு சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் என்று செலவு செய்து மெல்லத் திறந்தார்கள். இப்போது தண்ணீரில் பெரும்பகுதி திரும்பி வருகிறது, உப்புக் கரைசலும் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதற்கு வாங்க ஆள் இல்லை. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சாயம் முடிந்து கட்டிங், பவர் டேபிள், பிசிர் வெட்டு, செக்கிங், அயர்ன் என்று பனியன் உருவாகிறது. கடைசியில் அதில் ஒரு அட்டை தொங்குகிறது. அட்டையில் பச்சை இலை, ஒரு காடு. நொய்யலும் ஆகரும் அதில் இருப்பதில்லை. வெளிநாட்டு பையர்கள் இழைக்குச் சான்று கேட்கிறார்கள், காட்டுக்குச் சான்று கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். மோடல் என்பது செய்முறையின் பெயர். எந்த மரக் கூழிலிருந்தும் அதைச் செய்யலாம். மோடல் என்றாலே பீச் என்றும், பீச் என்றாலே நல்ல காடு என்றும் நம்பிவிடக் கூடாது. கார்பாத்திய மலைகளின் ஆதி பீச் காடுகளை யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பிறகு ஐரோப்பாவின் 18 நாடுகளுக்கு அந்தப் பட்டியல் விரிந்தது. அதே கார்பாத்தியத்தின் ருமேனியப் பக்கத்தில் சட்டவிரோத வெட்டைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2020இல் அந்த நாட்டின் மீது நடவடிக்கை தொடங்கியது. விஸ்கோஸ் ஆலைகள் எந்தக் காட்டிலிருந்து மரம் வாங்குகின்றன என்று கனடாவின் கேனோபி அமைப்பு தரம் பிரித்து வெளியிடுவதும் இதனால்தான்.

மரத்துக்கும் இப்போது புதுச் சோதனை. 2018 தொடங்கித் தொடர்ந்த வறட்சியில், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஜெர்மனியின் ஹைனிஷ் காட்டில்கூட முதிர்ந்த பீச் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்தன. மனிதன் கைவைக்காவிட்டால் ஜெர்மனியின் பெரும்பகுதியை மூடியிருக்கக்கூடிய மரம் இது. இன்று நடுகிற வன அலுவலர்கள் பீச்சோடு வறட்சி தாங்கும் வேறு மரங்களையும் கலந்து வைக்கிறார்கள். நூறாண்டு கழித்து வெட்டப்போகும் பயிருக்கு இன்றே வானிலை கணிக்க வேண்டிய வேலை அது.

பனியனுக்குத் திரும்பினால், சுத்தமான மோடல் மண்ணில் மக்கும், செல்லுலோஸ்தானே. ஆனால் திருப்பூரிலிருந்து கிளம்பும் பனியன் சுத்தமான மோடலாக இருப்பது அபூர்வம். தையலில் பாலியெஸ்டர் நூல், துணியில் ஐந்து சதவீதம் ஸ்பான்டெக்ஸ். கட்டிங் மேசையில் விழும் துண்டுகளை வேஸ்ட் வியாபாரிகள் கிலோக் கணக்கில் எடுத்துப் போகிறார்கள். பருத்தித் துண்டு மறுபடி பஞ்சாகி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போகும். ரப்பர் இழுவை உள்ள துண்டு அரவையில் சிக்குவதால் தனியே ஒதுக்கப்படும். பருத்தி வெட்டுத் துண்டுகளையே கரைத்து மரக் கூழோடு கலந்து புது இழை எடுப்பதை லென்சிங் 2017இல் தொடங்கியது. அந்தத் தொட்டிக்குள்ளும் ஸ்பான்டெக்ஸுக்கு இடமில்லை. அதை வைக்கச் சொல்வது தொழிலாளியும் இல்லை, மில்லும் இல்லை. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்று கேட்கிற நாம்தான்.